கூரைக்குப் போனவர்கள்

புயல் அடிக்கும் நாளில் அந்தக் கடற்கரை வீட்டில் யாராவது ஒருவர் எடை போய்க் கூரைக்கு எழும்பிவிடுவார். வீடு கட்டிய இரண்டாம் வருஷத்திலிருந்து இப்படித்தான். முதலில் போனவர் தாய்மாமன். டீயைக் குடித்துவிட்டு டம்ளரை மேசையில் வைத்தார். டம்ளர் வைத்த இடத்தில் இருந்தது, மாமா இல்லை. நிமிர்ந்து பார்த்தால் மின்விசிறித் தண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட முகத்தோடு கீழே பார்த்துக்கொண்டிருந்தார். காற்று தணிந்ததும் தானாக இறங்கினார். ஐந்தாம் மாதம் கப்பலில் வேலை கிடைத்துப் போனவர், அதற்கப்புறம் ஒரு வரி எழுதவில்லை. அடுத்த புயலில் அம்மா, கரண்டியும் கையுமாக. அவளைக் கீழே கொண்டுவர அப்பா நாற்காலி மேல் ஏறிக் கரி இஸ்திரிப் பெட்டியை அவள் கையில் கொடுத்தார். ஐந்து கிலோ இருக்கும். உடனே இறங்கினாள். அந்தப் பெட்டியோடு நிறுத்துப் பார்த்தால் முள் அவளுடைய பழைய எடையிலேயே வந்து நின்றது, ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பத்தாம் மாதம் அம்மா இறந்துபோனாள். மூன்றாவது, சின்ன அண்ணன். எட்டாம் மாதம் ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கியவன், இன்றுவரை எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரியாது. ஒரு குடும்பத்துக்குச் சட்டம் உண்டாக மூன்று தடவை போதும். புயலில் மேலே போகிறவர் வருஷத்துக்குள் விட்டுப் போகிறவர் என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டமாகிவிட்டது.

அப்பா ஒரு சரக்குக் கிடங்கில் மேலாளராக இருந்தவர். புயல் பருவத்தில் கிடங்கு பத்து நாள் மூடும் என்பதால், ஊரே கடலை விட்டு ஓடுகிற பத்து நாளில் இந்தக் குடும்பம் கடலைத் தேடி வந்தது. கிடங்கில் கழித்துப்போட்ட மேடைத் தராசு ஒன்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கூடத்தில் நிறுத்தினார். வந்து இறங்கியதும் எல்லோரும் ஒரு தடவை ஏறி நிற்க வேண்டும். ரேடியோவில் புயல் எச்சரிக்கை சொன்ன மறுநாள் காலையில் இன்னொரு தடவை. இரண்டு எடைகளும் சாமான் அறைக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதப்படும். குறைந்தவர் யாரோ அவரைப் பிடித்துச் சாப்பாட்டு மேசையின் காலோடு கட்டிப்போடுவார்கள். கட்டுவதுகூடப் பரவாயில்லை. அதற்கப்புறம் அவரிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அலமாரியில் அவர் தட்டு காலியாகும். சமையலில் உப்புப் போதுமா என்றுகூட அவரிடம் கேட்பதில்லை; போகிற ஆளுக்கு உப்பு எதற்கு? அப்படி ஒரு வருஷம் இருந்தால் எவனும் போய்விடத்தான் செய்வான் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார்கள். சொல்கிறவன் மேல்தான் முதலில் சந்தேகம் விழும்.

வராமல் இருந்துவிடலாமே என்று கேட்கலாம். அங்கேதான் சூட்சுமம். வராதவன் எடை போனவன். ஆகவே காய்ச்சலிலும் வந்தார்கள், கால் உடைந்தும் வந்தார்கள். சின்னவள் ஒரு வருஷம் தன் பல் ஆஸ்பத்திரித் திறப்பு விழாவையே பாதியில் விட்டுவிட்டு வந்தாள். கேட்டால் எல்லோரும் கடற்காற்று உடம்புக்கு நல்லது என்பார்கள்.

இந்த வரலாறு முக்கியமாகப் பெரியவளைப் பற்றியது. பெண்களில் மூத்தவள் என்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர். ஓர் அச்சகத்தில் பிழை பார்க்கும் வேலை. இருபத்தெட்டு வருஷமாக ஒவ்வொரு வரியையும் இதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே படித்தவள். அப்படிப் படித்தால்தான் தப்பு அகப்படும். அந்தப் பழக்கம் வேலை முடிந்ததும் நிற்காது. காய்கறிக்காரன் சிரித்தாலும் ஏன் சிரிக்கிறான் என்று யோசிப்பாள். அவள் புருஷன் தையல்காரர். அதிகம் பேசமாட்டார். வாயில் குண்டூசி வைத்து வைத்தே பேச்சு குறைந்துபோன மனுஷர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம், பிள்ளைகள் இல்லை, பெரிய சண்டையும் இல்லை. சண்டையே இல்லை என்பதும் அவளுக்கு உறுத்தலாகத்தான் இருந்தது.

கடைசிப் பதினோரு வருஷத்தில் நாலு புயல் அடித்தது. நாலிலும் யாரும் மேலே போகவில்லை. தராசு முள் யாருக்கும் அசையவில்லை. அப்பா காலமானபின் தராசைப் பொறுப்பேற்ற பெரிய அண்ணன் இதைப் பெருமையாகச் சொல்வார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஒழுக்கம் என்றால் என்ன என்று இந்தக் குடும்பத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. பெரியவளுக்கு மட்டும் அது இறங்கவில்லை. ஒரு பக்கத்தில் பிழையே இல்லை என்றால் பிழை பார்த்தவள் தூங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். நாலு புயல், அஞ்சு பேர், ஒரு கிராம்கூட வித்தியாசம் இல்லையா? யாரோ கனம் கட்டிக்கொள்கிறார்கள். அம்மா கையில் இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்த அன்றைக்கே அஞ்சு கிலோ போதும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே. புயல் நாளில் கூரை ஒழுகும் என்பதால் எல்லோரும் மழைக்கோட்டு போட்டுக்கொண்டுதான் தராசில் ஏறுவது. கோட்டுக்கு ஒன்றரைக் கிலோ என்று அண்ணன் கழித்துக்கொள்வார். அந்தக் கோட்டுகளைத் தைத்துக் கொடுத்தவர் யார்? தையல்காரர்.

இந்த வருஷம் விஷயம் கையில் அகப்பட்டது. தையல் மெஷின் இழுப்பறையில் பாபின் டப்பாவுக்கு அடியில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் ஈயக் குண்டுகள், தூண்டில்காரர்கள் நரம்பில் கட்டுகிற ரகம்.  சாதாரணமாகக் கேட்கிற மாதிரிக் கேட்டாள். ஓட்டல் ஒன்றுக்குத் திரைச்சீலை ஆர்டர், காற்றில் பறக்காமலிருக்க ஓரத்தில் வைத்துத் தைக்கவேண்டும் என்றார், குண்டூசியை வாயிலிருந்து எடுக்காமலே. மறுநாள் அச்சகத்துக்கு லீவு போட்டுவிட்டு அந்த ஓட்டலுக்கே போய்ப் பார்த்தாள். ஜன்னலுக்கெல்லாம் மூங்கில் தட்டி. திரைச்சீலை என்று ஒரு முழத் துணி இல்லை.

ஆக, எடை போய்க்கொண்டிருப்பது இவருக்குத்தான். இவர் போகப்போகிறார். எங்கே, யாரோடு என்பதுதான் பாக்கி. அதற்கும் விடை கிடைத்தது, சந்தேகப்படுகிறவளுக்கு விடையா கிடைக்காது? பாட்டு டீச்சர் ஒருத்தி வாரம் ஒரு தடவை கடைக்கு வந்துகொண்டிருந்தாள். மற்றவர்களுக்கு அஞ்சு நிமிஷத்தில் அளவெடுப்பவர், அவளுக்கு மட்டும் அரைமணி எடுத்தார். பெரியவள் எதிர்க்கடை வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று வீட்டுக்கு வந்து அழுதாள், முகம் கழுவினாள், சோறு வடித்தாள். அப்புறம் தன் சர்டிபிகேட்டுகளைத் தனியாக ஒரு பையில் போட்டுவைத்தாள். அச்சகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை காலியாக இருந்தது. சாவியைத் தனக்கே தரும்படி பேசி வைத்தாள். அவர் போய்விட்டார் என்று ஊர் சொல்வதற்கு முன்னால் தானும் ஓர் இடத்தில் நின்றிருக்கவேண்டும் என்ற ரோஷம். ஆறு மாதம் இதையெல்லாம் நெஞ்சுக்குள் பூட்டிக்கொண்டு, அவருக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆம், தையல்காரர் வீட்டில் பொத்தான் தைப்பது அவள்தான்.

கடற்கரை வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் ரேடியோ புயல் சொல்லிற்று. கடலோரக் குடிசைக்காரர்கள் பாய் சுருட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனார்கள். வீட்டில் வழக்கப்படி ஜன்னல்களுக்குக் கட்டை அடித்தார்கள், குடத்தில் தண்ணீர் பிடித்தார்கள், ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் வாசல் படிக்கட்டில் இறங்கும்போது தங்கை சின்னவள் சத்தத்தைக் கவனித்தாள். தங்கை நாற்காலியில் உட்காரும்போது அண்ணன் நாற்காலி முனகுகிறதா என்று காது கொடுத்தார். எண்பத்திரண்டு வயதுச் சித்தப்பா, அப்பாவின் தம்பி, காது மந்தமானவர், அவருக்கும்கூட யாருடைய நிழலாவது மெலிந்திருக்கிறதா என்று ஒரு பார்வை. அந்தக் குடும்பத்தின் விடுமுறை என்பது இதுதான்.

பிற்பகலில் தையல்காரர் கோட்டுகளை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். தையல் விட்டிருக்கிறதாம், பார்க்கவேண்டுமாம். கதவு இடுக்கு வழியாகப் பெரியவள் பார்த்தாள். அவர் பழுப்பு நிறக் கோட்டு ஒன்றின் உள்துணியைப் பிரித்து, ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தையல் போட்டுக்கொண்டிருந்தார். அவசரம் இல்லை. பொறுமையாக, சுருக்கம் விழாமல், கல்யாணக் கோட்டுக்குப் போடுகிற தையல். புருஷன் பெண்சாதி கோட்டு இரண்டும் ஒரே துணியில் வெட்டியவை, நிறமும் ஒன்று. இருபத்தெட்டு வருஷம் எழுத்துக்கு எழுத்து பார்த்தவள், அது யாருடைய கோட்டு என்று மட்டும் பார்க்கவில்லை. பிழை பார்க்கிறவர்களிடம் உள்ள கோளாறு இது. தான் எழுதினதில் பிழையே தெரியாது.

விடிந்தபோது வானம் ஈயம் பூசினாற்போல் இருந்தது. காலை பத்து மணிக்கே விளக்கேற்ற வேண்டியதாயிற்று. கடல் சத்தம் வீட்டுக்குள் பக்கத்து அறையில் யாரோ நடப்பதுபோல் கேட்டது. எல்லோரும் கோட்டு மாட்டினார்கள். வழக்கம்போல் தையல்காரர் பெரியவளுக்குப் பின்னால் நின்று கோட்டைத் தூக்கிப் பிடித்தார், அவள் கைகளை நுழைத்துக்கொண்டாள். புயல் நாளில் மட்டும் அவர் இந்த மரியாதையைச் செய்வார். பெரிய மரியாதைதான் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

அண்ணன் தராசுப் பக்கத்தில் சாக்பீஸோடு நின்றார். சித்தப்பா ஏறினார், சரி. தங்கை ஏறினாள், சரி. தையல்காரர் ஏறினார். “அறுபத்தொன்பதரை. கோட்டு போக அறுபத்தெட்டு. வந்தன்னைக்கும் அறுபத்தெட்டு. மாப்பிள்ளை கெட்டி,” என்று அண்ணன் எழுதப் போனார்.

“எழுதாதீங்கண்ணா,” என்றாள் பெரியவள். “கோட்டைக் கழட்டச் சொல்லுங்க.”

 தையல்காரர் அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவளுக்கு லேசாக இருந்திருக்கும். பயந்தாற்போல் பார்த்தார். அதுவே போதுமாயிற்று அவளுக்கு. ஆறு மாதமாக அடக்கினது எல்லாம் உடைந்து வந்துவிட்டது.

“எல்லார் முன்னாடியும் கழட்டுங்க! நானும் எத்தனை நாளைக்குத்தான் ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கிறது? ஓட்டல்ல திரைச்சீலையும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல. போறதுன்னா சொல்லிட்டுப் போங்க. நான் ஒண்ணும் காலைப் பிடிச்சுக் கெஞ்சப்போறதில்ல.”

தையல்காரர் தராசிலிருந்து இறங்கினார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். தராசில் நின்றார். அண்ணன் குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அறுபத்தெட்டு.

பெரியவள் நம்பவில்லை. ஓடிப்போய் நாற்காலியிலிருந்த கோட்டைத் தடவிப் பார்த்தாள். துணி. வெறும் துணி. அவமானத்தில் முகம் எரிந்தது. அதோடு உள்ளுக்குள் எங்கோ சந்தோஷமும் வந்தது, அதை நம்பவும் பயமாக இருந்தது. தங்கைக்கு எப்போதும் அத்தான் மேல் ஒரு பட்சம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: “ஊரையெல்லாம் கழட்டச் சொன்னியே, நீ கழட்டுக்கா.”

“வேண்டாம்,” என்றார் தையல்காரர். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை.

அவர் வேண்டாம் என்றதாலேயே அவள் கழற்றினாள். கோட்டு தரையில் விழுந்தபோது அரிசி மூட்டை இறக்கின சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தாள்; அப்புறம் எல்லோருடைய உச்சந்தலையையும் பார்த்தாள். முதுகு உத்தரத்தில் இடித்தது. பதினாலு அடி உயரக் கூடம். அங்கே ஒட்டடை இருந்தது, யாரோ எப்போதோ எறிந்த இறகுப்பந்து ஒன்று இருந்தது, அவளும் இருந்தாள்.

கீழே யாரும் கத்தவில்லை. அண்ணன் ஒரு பெருமூச்சு விட்டார். அது கவலையில் விட்ட மூச்சு இல்லை, மாட்டியது தான் இல்லை என்ற மூச்சு. மேசைக்காலில் கட்டக் கயிறு எடுத்துவரத் திரும்பினார். அவர் திரும்பின தினுசு சரியில்லை. மேலே இருந்து பார்த்தால் கீழே தெரியாததெல்லாம் தெரியும். பெரியவளுக்குத் தொழில் புத்தி விழித்துக்கொண்டது.

“அண்ணா, கோட்டுக்குப் பின்னால முதுகுல என்ன தொங்குது?”

அது பள்ளிக்கூட மணி. பதவி ஓய்வன்று பிள்ளைகள் நினைவாகக் கொடுத்த வெண்கல மணி, நாக்கைப் பஞ்சால் சுற்றி, இடுப்போடு கட்டியிருந்தார். பதினோரு வருஷமாகக் கட்டுகிறாராம். மேலே இருந்தபடியே மற்றவர்கள் கோட்டையும் பெரியவள் திறக்கவைத்தாள். தங்கையின் கோட்டுப் பைகளில் பல் அச்சு வார்க்கிற காரைக்கட்டிகள், யார் யாருடைய தாடையோ, பத்துப் பன்னிரண்டு. சித்தப்பா வயிற்றில் கட்டியிருந்தது வேறு எதுவும் இல்லை, அம்மாவுக்குக் கொடுத்த அதே இஸ்திரிப் பெட்டி. அதைத் தேடாத இடமில்லை, அவர் வயிற்றில் இருந்திருக்கிறது. காது கேட்காத அவர், எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, “எனக்கு வாயு,” என்றார். ஆக நாலு பேருக்கும் எடை இல்லை. நாலு பேரும் வருஷக்கணக்காக எடை இல்லாமலேயே, ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டு, கல்லையும் மண்ணையும் கட்டிக்கொண்டு அந்த வீட்டில் நடந்திருக்கிறார்கள்.

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கடல் உள்ளே வந்துவிட்டது. கிழக்குக் கதவு தாழ்ப்பாளோடு பிடுங்கிக்கொண்டு கூடத்துக்குள் விழுந்தது, அதன் பின்னால் கரியநிறத் தண்ணீர். முதலில் முழங்கால், அடுத்த அலைக்கு இடுப்பு. தராசு சாய்ந்து, பின்வாசல் வழியாகப் போயிற்று. கனம் கட்டியிருந்தவர்களை அந்தக் கனமே கீழே இழுத்தது. சித்தப்பா ஒரு தடவை முங்கி எழுந்தார். அப்போது தையல்காரர் கால்சட்டைப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். அந்த ஆள் கத்தரிக்கோல் இல்லாமல் குளிக்கக்கூடப் போகமாட்டார். சித்தப்பாவின் வயிற்றுக் கட்டை வெட்டினார். பெட்டி மூழ்கிற்று, சித்தப்பா விர்ரென்று மேலே போனார். தங்கையின் பைகளை வெட்டினார், தாடைகளெல்லாம் தண்ணீரில் சிதறின, அவளும் போனாள். அண்ணன் மணிக்கயிறு மூன்று சுற்று. அதையும் நனைந்த கையால் அறுத்தார். மணி பஞ்சை இழந்து ஒரு தடவை அடித்துவிட்டு முழுகியது.

நாலு பேரும் உத்தரத்தில் ஒட்டிக்கொண்டு, தையல்காரர் வருவதற்காகக் காத்திருந்தார்கள். அவர் நெஞ்சுவரை தண்ணீரில் நின்றார். செருப்பை உதறினார். கத்தரிக்கோலையும் விட்டுவிட்டார். வரவில்லை. இன்னொரு அலை வந்து கழுத்துக்கு ஏறியது. அவர் மேலே பார்த்து, மன்னிப்புக் கேட்கிற மாதிரி, “எனக்கு வராதுன்னு நினைக்கிறேன்,” என்றார்.

அப்போதுதான் பெரியவளுக்கு முழுசாகப் புரிந்தது. அந்த வீட்டில் எங்கேயும் போக நினைக்காத ஆள் ஒருத்தர்தான். அவர்தான் கீழே நிற்கிறார். அவள் பையில் சர்டிபிகேட் இருந்தது, அச்சகத்துக்குப் பின்னால் அறை இருந்தது. அண்ணன் மனசில் என்ன இருந்ததோ, தங்கை மனசில் என்ன ஊர் இருந்ததோ. அவர் மனசில் எதுவும் இருந்ததில்லை, அவள் இருந்த வீட்டைத் தவிர.  “ஐயோ, அவரைப் பிடிங்களேன்!” என்று அலறினாள், வாழ்க்கையில் முதல் தடவையாக எதையும் சரிபார்க்காமல் கத்தினாள்.

அண்ணன் உத்தரத்தில் இரண்டு காலையும் மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கினார். அவர் கையைப் பிடித்துத் தங்கை, தங்கை கணுக்காலைப் பிடித்துச் சித்தப்பா, சித்தப்பாவின் கோட்டு வாரைப் பிடித்துப் பெரியவள். எடையில்லாதவர்களின் சங்கிலி என்பதால் யாருக்கும் யாரும் பாரமில்லை. ஆனால் கீழே இறங்குவது எளிதாக இல்லை. ஒவ்வொரு தடவையும் கூரை அவர்களைத் திரும்ப இழுத்தது. மூன்றாம் தடவை அவள் விரல்கள் அவருடைய சட்டைக் காலரில் பட்டன. அவளே பொத்தான் தைத்த சட்டை. பிடித்தாள். அறுபத்தெட்டுக் கிலோவும் அவள் கையில் வந்து இறங்கியது. மணிக்கட்டு பிசகிற்று, விடவில்லை. தங்கை பல்லைக் கடித்தாள். அண்ணன் பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் சொல்லாத வார்த்தைகளைச் சொன்னார். அடுத்த அலை தையல்காரரைத் தூக்கிவிட்டதும், எல்லோருமாக இழுத்து அவரை உத்தரத்தின் மேல் குப்புறப் போட்டார்கள்.

முக்கால் மணி நேரம் கடல் அந்த வீட்டுக்குள் புழங்கியது. ஒரு வாசல் வழியாக வந்து மறு வாசல் வழியாகப் போயிற்று, நாற்காலிகளை எடுத்துப்போயிற்று, சாமான் அறைக் கதவில் இருந்த எழுத்தையெல்லாம் துடைத்துவிட்டது. தரையில் இருந்திருந்தால் ஒருத்தரும் மிஞ்சியிருக்கமாட்டார்கள். மேட்டில் ஒதுங்கியிருந்த குடிசைக்காரர்கள் மறுநாள் அதைத்தான் சொன்னார்கள், அவ்வளவு தண்ணீர் என்று. அந்தக் குடும்பம் உத்தரத்தில் இருந்ததைப் பற்றி அவர்கள் ஆச்சரியப்படவில்லை. வேறெங்கே இருப்பார்கள்?

தையல்காரர் உத்தரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். பெரியவள் பக்கத்தில், கூரையில் முதுகு பதிய. அவர் பக்கம் முகத்தைத் திருப்பி அவள் கேட்டாள்.

“எப்பலேர்ந்து தெரியும்?”

“முந்தின புயலுக்கு முந்தின புயல். உன் பாவாடை ஓரம் விழவேண்டிய மாதிரி விழல. துணி விழறதைப் பார்த்தா எனக்குத் தெரியாதா?”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நம்பியிருப்பியா?”

அவள் யோசித்தாள். நேர்மையாக யோசித்தாள். “நம்பியிருக்கமாட்டேன்.”

“எங்க போறதா இருந்தே?” என்று கேட்டார்.  ஏழெட்டு வருஷமாக அந்த மனுஷரும் அவளைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்பது அவளுக்கு உறைத்தது. சாவா, வேறு ஆளா, வெறும் சலிப்பா என்று தெரியாமல், கேட்கவும் பயந்து, ஈயத்தை வைத்துத் தைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அறையைப் பற்றிச் சொன்னாள். சர்டிபிகேட் பையைச் சொன்னாள். பாட்டு டீச்சரையும் சொல்லிவிட்டாள்.

“அந்தம்மாவா?” என்றார் தையல்காரர், உண்மையிலேயே திகைத்துப்போய். “அவங்களுக்கு ஒரு தோள் ஏத்தம், ஒரு தோள் இறக்கம். ஆர்மோனியம் வாசிச்சு வாசிச்சு அப்படி ஆயிடுச்சு. அரைமணி எடுத்தும் இன்னும் சரியா வரலியே!”

அடுத்த உத்தரத்திலிருந்து தங்கை சிரித்த சிரிப்பில் ஒட்டடை உதிர்ந்தது. சித்தப்பா என்ன விஷயம் என்று கேட்டார். நாலு தடவை கத்திச் சொல்லவேண்டியதாயிற்று.

அதற்கப்புறம் நடந்தவற்றில் எழுதிவைக்க அதிகம் இல்லை. சட்டப்படி அந்த வருஷத்துக்குள் நாலு பேரும் குடும்பத்தை விட்டுப் போயிருக்கவேண்டும். எல்லோரும் ஒருவரை ஒருவர் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் போகவில்லை. சித்தப்பா மட்டும் பதினாலாம் மாதம், தூக்கத்தில். இரண்டு மாதம் தாமதம் என்பதால் அதை யாரும் சட்டத்தில் சேர்க்கவில்லை. தராசு திரும்பக் கிடைக்கவில்லை, தேடவும் இல்லை. பெரியவள் அச்சகத்துக்குப் பின்னால் இருந்த அறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் சந்தேகம் என்பது அவளுக்குக் கண்ணாடி மாதிரி, கழற்றினால் எதுவும் தெரியாது. அதைத் தையல்காரரும் எதிர்பார்க்கவில்லை. ஓட்டல்காரனிடம் போய்த் திரைச்சீலை இல்லை என்று கண்டுபிடித்தவளாயிற்றே என்று கடையில் வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புயல் பருவத்தில் இப்போதும் அந்த வீட்டுக்குப் போகிறார்கள். காற்று கிளம்பினதும் குடும்பம் மேலே போய்விடும். உத்தரத்தில் மெத்தை கட்டியிருக்கிறார்கள். அண்ணன் செய்தித்தாளோடு போவார், தங்கை பாதியில் விட்ட தூக்கத்தைத் தொடர்வாள். கீழே ஒரு ஆள் வேண்டுமே, ஜன்னலை மூடவும், ரேடியோவைத் திருப்பவும், வாளியில் வைத்து டீயைக் கயிற்றில் அனுப்பவும். அதற்குத் தையல்காரர் இருக்கிறார். தண்ணீர் ஏறினால் அவர் ஏறிவர ஓர் ஏணியும் இருக்கிறது. பெரியவள் கால்மணிக்கு ஒரு தடவை மேலிருந்து கேட்பாள்: “இருக்கீங்களா?” இருக்கேன் என்று பதில் வரும். சில சமயம் வேண்டுமென்றே பதில் சொல்லமாட்டார், குறும்பு. அப்போது அவள் ஒரு சாண் கீழே இறங்கிவிடுவாள். அப்படி இறங்கினது அந்தப் புயலுக்குள் திரும்ப ஏறுவதில்லை, அடுத்த புயலிலும் விட்ட உயரத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். போன வருஷப் புயலில் அவர் நுனிக்காலில் நின்று கையை உயர்த்தினால் அவள் பாதம் எட்டியது. பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, குதிகால் இப்படி வெடிச்சிருக்கே, எதையாவது தடவக்கூடாதா என்று கேட்டார்.